லீவ் வேகன்சி டீச்சர்

ஜூலை 7, திங்கள்

எட்டாம் வகுப்புக் கணக்கு டீச்சர் பேறுகால விடுப்பில் போயாயிற்று. முன்பு ஒன்பது மாதமாக இருந்த விடுப்பு, 2021 ஜூலையிலிருந்து ஓராண்டு. வேண்டியதுதான். ஆனால் வகுப்பை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது ஒரு தாளில்கூட எதையும் எழுதித் தருவதில்லையே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவர் இடத்துக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலமாக அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெண் ஒருவர் இன்று சேர்ந்தார். முதல் பீரியடிலேயே சத்தம் ஸ்டாஃப் ரூம் வரை கேட்டது. “எதுவரை நடத்தியிருக்காங்க?” என்று மொத்த வகுப்பையும் கேட்டிருக்கிறார். ஆளுக்கொரு பதில், அப்புறம் சண்டை.

“பிள்ளைங்கள கேக்காதீங்கம்மா, நோட்டைப் பாருங்க” என்றேன். நன்றாகப் படிக்கும் பிள்ளையின் நோட்டு ஒன்று, பாதியில் நிற்கும் நோட்டு ஒன்று. பாடம் எதுவரை போயிருக்கிறது என்று முதலாவது சொல்லும். எந்த இடத்தில் புரியாமல் போனது என்று இரண்டாவது சொல்லும்.

ஜூலை 8, செவ்வாய்

ஆனித் தேரோட்டம், உள்ளூர் விடுமுறை. ரத வீதிக் கூட்டத்தில் எட்டாம் வகுப்புப் பயல் ஒருவன் ஓடிவந்தான். “டீச்சர், புது டீச்சர் நேத்து அழுதாவளா?”

“இல்லையே, ஏம்ல?”

“சும்மாதான் கேட்டேன்.” வடத்தைப் பிடிக்க ஓடிவிட்டான்.

ஜூலை 9, புதன்

விடுப்பில் இருக்கும் டீச்சருக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். அவர் சொல்லச் சொல்ல, புதியவர் பெஞ்சு வாரியாகப் படம் போட்டுப் பெயர் எழுதிக்கொண்டார். ஒரு பெண்ணுக்கு போர்டு சரியாகத் தெரியாது, முன்னால்தான் உட்கார வேண்டும். கடைசி பெஞ்சுப் பையன் வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். ராத்திரி அம்மாவுக்கு உதவிவிட்டு முதல் பீரியடில் சொக்குவான், அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜன்னல் ஓரத்து இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வைக்கவே கூடாது.

இதெல்லாம் எந்த பி.எட். கல்லூரியிலும் கிடைக்காது. திங்கள் காலையிலேயே கையில் இருந்திருக்க வேண்டிய தாள் இது.

மதியம் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுமே வகுப்பு பாதி அடங்கிவிட்டதாம்.

ஜூலை 10, வியாழன்

“எங்க டீச்சர் இப்படிப் போட மாட்டாவ” என்று ஒருத்தி எழுந்தாளாம். லீவ் வேகன்சியில் போகிற எல்லோரும் கேட்கும் வசனம். இவர் பதறவில்லை. “சரி, அவங்க எப்படிப் போடுவாங்க? வந்து போட்டுக் காட்டு” என்று சாக்பீஸை நீட்டியிருக்கிறார். அவள் போட்டாள், விடையும் சரி. இரண்டு வழியும் போர்டில் அப்படியே இருந்தன.

சாயங்காலம் கொஞ்சம் பேசினோம். வருகைப் பதிவுக்காக செல்போனில் தலையைக் குனிவதற்கு முன்னால் போர்டில் ஒரு கணக்கு இருக்க வேண்டும். கை சும்மா இருந்தால்தான் வாய் ஓடும். அடி கூடாது, மனம் நோகப் பேசுவதும் கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு இரண்டையும் தடுக்கிறது. எடுத்ததற்கெல்லாம் தலைமையாசிரியரிடம் அனுப்பவும் வேண்டாம். இந்த டீச்சரால் ஒன்றும் முடியாது என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஜூலை 11, வெள்ளி

இன்று அந்தப் பக்கம் சத்தம் இருந்தது, கணக்குப் போடுகிற சத்தம். அது போதும்.

வகுப்புக்கு ஒரு தாள் எல்லோரும் எழுதி பீரோவில் வையுங்கள் என்று ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். “நான் லீவே போடுறதில்லையே டீச்சர்” என்றார் சமூக அறிவியல் சார். ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம்.