என் போனை நானே எடுத்த கதை

தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் செல்போன் கடை வைத்திருந்தேன். ரீசார்ஜ், கவர், டெம்பர்ட் கிளாஸ், கூடவே சர்வீஸ். டச் போன போனுக்கு காம்போ, அதாவது டச்சும் டிஸ்ப்ளேயும் சேர்ந்த திரை, மாற்றுவது எனக்கு அரை மணி நேர வேலை. ஒரு சித்திரை மாதம் தோட்டத்துக் கிணற்றில் குளிக்கப் போனவன், தண்ணீர் எவ்வளவு வற்றியிருக்கிறது என்று பார்க்காமல் தலைகீழாகக் குதித்தேன். கழுத்தில் தண்டுவடம் அடிபட்டது. மருத்துவமனைச் சீட்டில் சி6 என்று எழுதினார்கள். அதாவது தோள் அசையும், முழங்கை மடங்கும், மணிக்கட்டை மேலே தூக்க முடியும். விரல்கள் மட்டும் சொன்னதைக் கேட்காது.

முதல் எட்டு மாதம் எனக்குப் போன் என்றால் அம்மாதான். மணி அடித்தால் அடுப்படியிலிருந்து ஓடி வந்து, யாரென்று பார்த்து, ஸ்பீக்கரில் போட்டு, என் நெஞ்சின் மேல் வைப்பாள். பேசி முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்பாள், கட் பண்ணவும் ஆள் வேண்டுமே. பாக்கியைக் கேட்கிற மொத்த வியாபாரி, கெட்ட வார்த்தையில்தான் பேச்சையே தொடங்குகிற கூட்டாளி, எல்லாமே அம்மா காதில் விழும். ஒரு பெண்ணும் அப்போது கூப்பிடுவாள். இரண்டு தடவை பேசினாள். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. அம்மா போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அவளும்தான் என்ன பேசுவாள்?

ஒருநாள் மடங்கிக் கிடந்த சுண்டுவிரலின் கணுவால் திரையைத் தொட்டுப் பார்த்தேன். எடுத்தது. எடுக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் காலத்து டச் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. கண்ணாடிக்கு அடியில் ஒரு மின்புலம் இருக்கிறது, உடம்பு பட்டால் அதில் ஏற்படும் மாற்றத்தைத்தான் அது பார்க்கிறது. விரல்நுனியா, கணுவா, மூக்கா என்ற கணக்கெல்லாம் அதற்குக் கிடையாது. பரோட்டாக் கடையில் சால்னாக் கையோடு மூக்கால் போன் எடுப்பவர்களை நானே எத்தனையோ தடவை பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

ஆனால் போன் ஓரிடத்தில் நிற்கவில்லை. தொட்டால் நகர்ந்தது, நகர்ந்து விழுந்தது, விழுந்ததும் மறுபடி "அம்மா".

கட்டிலில் மாட்டுகிற, கழுத்து வளைகிற ஸ்டாண்ட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினோம். படம் பார்க்க நல்ல சாமான். தொட்டால் தென்னை ஓலை மாதிரி ஆடும். ஆட்டம் நிற்பதற்குள் வேறு யாருக்கோ கால் போயிருக்கும். இன்னும் இரண்டு வாங்கினோம், அவையும் அதே ரகம். கடைசியில் தம்பி தன் பைக்கில் மாட்டியிருந்த மொபைல் ஹோல்டரைக் கழற்றிக்கொண்டு வந்து, என் சக்கர நாற்காலியின் குழாயில் முறுக்கினான். பைக் ஹேண்டில்பார் 22 மில்லிமீட்டர். நாற்காலிக் குழாயும் ஏறக்குறைய அந்தப் பருமன்தான். கொஞ்சம் லூசாக இருந்த இடத்தில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றினோம். உயரம் போதவில்லை என்று வெல்டிங் பட்டறையில் ஒரு அடிக் குழாயைப் பற்ற வைத்தோம். பள்ளம் மேட்டில் ஓடும் பைக்கில் நிற்கிற ஹோல்டர், என் கணு பட்டா ஆடப் போகிறது?

கணுவால் பெரிய பட்டனை எடுக்கலாம், கீபோர்டில் எழுத்து எடுக்க முடியாது. தெரபிஸ்ட் அக்கா, ஸ்பூன் செருகிச் சாப்பிடுவதற்காக உள்ளங்கையில் மாட்டும் பட்டை ஒன்று கொடுத்திருந்தார். அதில் ஸ்டைலஸ் பேனாவைச் செருகினேன். ஒரு நேரம் எடுத்தது, ஒரு நேரம் எடுக்கவில்லை. திரை போய்விட்டதோ என்றுகூட நினைத்தேன். அப்புறம்தான் கடைக்காரப் புத்தி விழித்தது: பட்டை துணி, பேனா என் தோலில் படவே இல்லை. சர்வீஸ் டப்பாவில் காப்பர் டேப் கிடந்தது. பேனாவில் தொடங்கி உள்ளங்கை வரைக்கும் ஒரு துண்டு ஒட்டச் சொன்னேன். அன்றிலிருந்து ஒரு தொடுகைகூடத் தப்பவில்லை.

செட்டிங்சுக்குள் அக்சஸிபிலிட்டி என்று ஒரு பக்கம் இருக்கிறது. எட்டு வருடம் போன் விற்றவன், ஒரு தடவைகூட அதைத் திறந்ததில்லை. என் கை திரையில் இறங்கினால் ஏறுவதற்கு நேரமாகும். போன் அதை லாங் பிரஸ் என்று எடுத்துக்கொண்டு, ஆப்பை அழிக்கட்டுமா என்று கேட்கும். அங்கே 'டச் அண்ட் ஹோல்டு டிலே' என்பதை லாங் என்று மாற்றியதும் அந்தத் தொல்லை போனது. ஓரத்திலிருந்து இழுக்கிற ஜெஸ்சர் நமக்கு ஆகாது, பழைய மூன்று பட்டனுக்கே திரும்பிவிட்டேன். வால்யூம், பவர் பட்டன்களை அமுக்க முடியாதவர்களுக்கு அக்சஸிபிலிட்டி மெனு என்று திரையிலேயே மிதக்கும் ஒரு பட்டன் உண்டு. சத்தம் கூட்டுவது, திரையைப் பூட்டுவது எல்லாம் அதில் அடக்கம். கைரேகைக்குப் பதில் முகம்.

ப்ளூடூத் காதில் இருந்தால் அழைப்பு தானாகவே எடுக்கும் வசதியும் என் போனில் இருந்தது. ஆகா என்று போட்டேன். இரண்டு நாள் கழித்து, அம்மா என்னைக் குளிப்பாட்டிக்கொண்டே திட்டிய திட்டு முழுவதையும் கடன் அட்டை விற்கிற ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், அப்புறம் கூப்பிடவா?" என்றாள். இப்போது குளிக்கும்போது ப்ளூடூத்தைக் கழற்றிவிடச் சொல்கிறேன். ஆனால் அந்த ப்ளூடூத்தால்தான் போன் என் காதுக்குள் வந்தது. தனியாக நான் போட்ட முதல் கால் யாருக்கு என்று இங்கே எழுதப் போவதில்லை. அதை யாருக்கும் சொல்லத் தேவையில்லாமல் இருக்கத்தானே இத்தனை பாடு.

தோள் வலி அதிகமாகிற நாட்களுக்கு, பேச்சாலேயே போனை இயக்க விடும் கூகுளின் வாய்ஸ் அக்சஸ் ஆப். 'ஷோ நம்பர்ஸ்' என்றால் திரையில் தொடக்கூடிய எல்லாவற்றுக்கும் எண் போடும். 'டேப் செவன்' என்றால் ஏழாவதைத் தொடும். நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் நான் பார்த்த மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. தமிழில் பேசி டைப் செய்ய 2017லிருந்தே கூகுளின் கீபோர்டான ஜிபோர்டு விடுகிறது. கடிதம் எழுதத் தமிழ் தெரிந்த போனுக்கு, கதவைத் திற என்றால் புரியாது. எங்கள் ஊர் உச்சரிப்பில் ஆங்கிலம் சொல்லி அதைப் பழக்க ஒரு வாரம் ஆனது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஜன்னலில் நின்று 'கோ பேக், கோ பேக்' என்று என்னைக் கேலி செய்தார்கள், அதையும் போன் கேட்டுக்கொண்டு பின்னால் போனது. ஐபோனில் 2019லிருந்து குரல் கட்டுப்பாடு உள்ளேயே வருகிறது, 2024லிருந்து கண்பார்வையால் நகர்த்தும் வசதியும் உண்டு. விலையைக் கேட்டுவிட்டு நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

பணம்தான் எல்லாவற்றையும்விடப் படுத்தியது. ஒரு வங்கியின் ஆப், வேறு ஒரு ஆப் திரையைக் கட்டுப்படுத்துகிறது, அதை நிறுத்தினால்தான் திறப்பேன் என்று நின்றது. திருட்டுக்குப் பயந்து வைத்த பூட்டு, நியாயம்தான். ஆனால் அந்த வேறு ஆப், வாய்ஸ் அக்சஸ்தான் என் கை. கிளையில் போய்க் கேட்டால், "வீட்டில் யாரிடமாவது பின் நம்பரைச் சொல்லி வையுங்களேன்" என்றார்கள். யாரிடமும் பின் சொல்லாதீர்கள் என்ற அறிவிப்பு சொன்னவர் தலைக்கு மேலேயே தொங்கியது. இப்போது யுபிஐ லைட் வைத்திருக்கிறேன், சின்னத் தொகைகளுக்கு யுபிஐ ஆப்புக்குள்ளேயே இருக்கும் பர்ஸ் மாதிரி. ஒரு தடவைக்கு 1000 ரூபாய் வரை பின் கேட்காது, உள்ளே 5000 வரை போட்டு வைக்கலாம். பெரிய தொகை என்றால் வாய்ஸ் அக்சஸை நிறுத்தி, ஸ்டைலசால் ஒவ்வொரு எண்ணாகத் தொடுகிறேன்.

ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்துக்குப் போனபோது ஒரு பையனைப் பார்த்தேன். அதைத் தொடங்கிய ராமகிருஷ்ணன் அவர்களே 1975இல் கடற்படைத் தேர்வின் உடல்திறன் சோதனையில் கீழே விழுந்து அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். ஊர் திரும்பி 1981இல் அந்த இடத்தை ஆரம்பித்தார். செல்போன் இருந்த காலமா அது! அந்தப் பையனுக்குக் கழுத்தில் என்னைவிட மேலே அடி, கை சுத்தமாக அசையாது. திரையைத் தொடாமல் ஒன்றிரண்டு ஸ்விட்சாலேயே போனை இயக்க ஆண்ட்ராய்டில் ஸ்விட்ச் அக்சஸ் என்று ஒரு வசதி. அதில் முக அசைவையே ஸ்விட்சாக்கும் கேமரா ஸ்விட்ச் என்று 2021இல் வந்த ஒன்று உண்டு: வாய் திறப்பது, சிரிப்பது, புருவம் உயர்த்துவது, இடது, வலது, மேலே பார்ப்பது என்று ஆறு அசைவுகள். புருவத்துக்கு 'அடுத்தது', வாய்க்கு 'தேர்ந்தெடு' என்று வைத்தோம். சிரிப்புக்கு எதையும் வைக்காதே என்றேன். முதல் நாள் அதற்கும் ஒரு வேலை கொடுத்திருந்தான்; வடிவேலு காமெடி பார்க்கும்போதெல்லாம் திரை தாவிக்கொண்டே இருந்தது.

சார்ஜர் குத்துவது இன்னும் தகராறுதான். காந்த முனை வைத்த கேபிள் ஒன்று வாங்கி, முனையைப் போனிலேயே விட்டுவிட்டேன். பத்துக்கு ஏழு தடவை தானாகப் போய் ஒட்டுகிறது, மீதி மூன்றுக்கு அம்மா.

இப்போதெல்லாம் அடிபட்டு வீட்டில் கிடக்கும் பையன்கள் யார் மூலமாவது என் நம்பரை வாங்கிக் கூப்பிடுகிறார்கள். எல்லாருக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, எந்தப் போன் வாங்கலாம்?" போனை அப்புறம் பார்க்கலாம், முதலில் உன் நாற்காலிக் குழாயை அளந்து அனுப்பு என்கிறேன்.