ஒன்பது நாடுகள், ஒரு முழங்கால்

ஐரோப்பாவைச் சுற்றிப்பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரப்போகும் பெரியப்பா நேற்று இரவு கேட்ட ஒரே ஒரு கேள்வியால் என் கணவர் இன்று காலை காப்பிகூடக் கேட்கவில்லை. தானே போட்டுக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். கேள்வி இவ்வளவுதான்: "பாசெலில் எட்டு நிமிடம் என்று போட்டிருக்கிறீர்களே மாப்பிள்ளை, அந்த எட்டு நிமிடத்தில் உங்கள் அத்தை எப்படிப் பிளாட்பாரம் மாறுவாள்?"

பெரியம்மாவின் முழங்காலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் தம்பி கல்யாணத்தில் அவர் மண்டபப் படியேறி வருவதற்குள் முகூர்த்தம் முடிந்து இரண்டாம் பந்தியே போட்டுவிட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் பெரியப்பாவின் எதிர்வீட்டு வங்கி மேலாளர். ஓய்வுபெற்ற கையோடு ‘பத்து நாளில் எட்டு நாடு’ என்று ஏதோ ஒரு சுற்றுலாவில் போய்விட்டு வந்து, எட்டுக் காந்த வில்லைகளைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் வரிசையாக ஒட்டிவைத்துவிட்டு, பெரியப்பாவைக் காப்பிக்கு அழைத்திருக்கிறார். பால் எடுக்கும் சாக்கில் அந்தக் கதவை நான்கு முறை திறந்து மூடினாராம். ஒரு காப்பிக்கு எதற்கு நான்கு முறை பால்? அன்றிலிருந்து பெரியப்பாவுக்கு ஒன்பது என்ற எண்ணின் மேல் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது.

நாங்கள் இருக்கும் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ வேறு இந்த விஷயத்தில் எமகாதக ஊர். பாரிஸ் இரண்டரை மணி நேரம். ஸ்ட்ராஸ்பர்க் முக்கால் மணி நேரம். சுவிட்சர்லாந்தின் வாசலான பாசெல் இரண்டு மணி நேரத்துக்குள். இதை என் கணவர் ஒரு தீபாவளியன்று தொலைபேசியில் பெருமையாகச் சொல்லிவைக்க, பெரியப்பா ஒரு தாளில் குறித்துவைத்துக்கொண்டார். அவர் குறித்துவைக்காத விஷயம் உலகத்தில் கிடையாது. முப்பது வருடத்துக்கு மேல் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவர். எங்கள் வீட்டுக் குழந்தைகள் எல்லோரும் பிறந்த நேரத்தைச் சோதிடர் அவரிடம்தான் சரிபார்ப்பார்; ஆஸ்பத்திரிக் கடிகாரத்தை நம்புவதில்லை.

அவருடைய பயணத் திட்டம் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதப்பட்டு, புகைப்படமாகக் குடும்பக் குழுவுக்கு வந்து சேர்ந்தது. புறப்பாடு, சேருமிடம், நடை எண் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். ஜெர்மனி, பிரான்ஸ், லக்சம்பர்க், பெல்ஜியம், நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, இத்தாலி என்று ஏழு நடை. எட்டும் ஒன்பதும்தான் அவருடைய மூளை. லிக்டன்ஸ்டைன் மொத்தமே 160 சதுர கிலோமீட்டர். வாடிகன் அரை சதுர கிலோமீட்டர்கூட இல்லை. "காலைப் பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒரு நாடு முடிந்துவிடும்" என்று கீழே குறிப்பு வேறு. எதிர்வீட்டுக்காரருக்கு இது தோன்றவில்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு பூரிப்பு.

என் கணவர் பொறியாளர். கணினியில் கட்டம் போட்டு வண்ணம் பூசாமல் அவருக்கு எதையும் நம்ப முடியாது. எங்கள் வீட்டில் மிளகாய்த்தூள் தீர்வதற்குக்கூட மஞ்சள், சிவப்பு என்று இரண்டு கட்டம் உண்டு. அவர் பெரியப்பாவின் தாளைப் பார்த்துவிட்டு, "இது பயணத் திட்டமா, வாபஸ் வாங்காத வேட்பாளர் பட்டியலா?" என்றார். ஓர் ஊரை விட்டு இன்னோர் ஊருக்குப் போகும் நாளில் பாதி நாள் காலி என்பது அவருடைய கொள்கை. பெட்டி கட்ட வேண்டும், அறையைக் காலி செய்ய வேண்டும், ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால் மத்தியானம் மூன்று மணிக்கு முன்னால் அறைச் சாவி தர மாட்டார்கள். ஆகவே வீட்டிலிருந்து பாரிஸ் மூன்று இரவு, திரும்ப வந்து இரண்டு நாள் கால் நீட்டிப் படுப்பது, பிறகு சுவிட்சர்லாந்தின் லூசெர்னில் மூன்று இரவு, முடிந்தால் ரோம். நியாயமான திட்டம்தான். ஆனால் அவர் கட்டத்திலிருந்து ஒரு நாட்டை நீக்கும்போதெல்லாம் திருநெல்வேலியில் ஒருவர் முகம் வாடியது.

முதலில் வாடியவர் சித்தி. அவருக்கு ஹாலந்தின் டூலிப் தோட்டத்தில், அந்த வண்ண வரிசைகளுக்கு நடுவே நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்காக மாம்பழ நிறத்தில் ஒரு புடவைகூட எடுத்துவைத்துவிட்டார். அந்தத் தோட்டம் மார்ச் பிற்பாதியில் திறந்து மே நடுவில் மூடிவிடும். பெரியப்பாவோ ஆனித் தேரோட்டம் முடிந்து, நெல்லையப்பர் தேர் நிலைக்கு வந்த பிறகுதான் விமானம் ஏறுவேன் என்கிறார். தேர் என்றால் ஜூன் கடைசி, ஜூலை. "அவ்வளவு பெரிய தோட்டத்தில் ஒன்றிரண்டு பூ மிச்சம் இருக்காதா?" என்று சித்தி கேட்டதற்கு என் கணவர் பதில் சொல்லவில்லை. கட்டத்தைச் சாம்பல் நிறமாக்கினார்.

ஜூலையில் வந்தால் வெயில். எங்கள் வீட்டில் மின்விசிறி கிடையாது என்பதைச் சித்தி இன்றுவரை நம்பவில்லை. காசு மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைக்கிறார்.

ரைன் அருவியைச் சேர்த்ததும் நீக்கியதும் ஒரே நாளில் நடந்தது. சுவிட்சர்லாந்தில் ஷாஃப்ஹவுசன் பக்கம், 150 மீட்டர் அகலத்துக்கு ரைன் நதி அப்படியே சரிந்து விழும் இடம். என் கணவர் காணொளி அனுப்பினார். பெரியப்பா இரண்டு முறை பார்த்துவிட்டு, "உயரம் எவ்வளவு?" என்றார். 23 மீட்டர். "நம் பேரருவியில் பாதிகூட இல்லையே. சரி, எண்ணெய் தேய்த்துக்கொண்டு போகலாமா?" குளிக்க விட மாட்டார்கள், படகில் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம், அதற்கு டிக்கெட் உண்டு என்றோம். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. குளிக்க முடியாத அருவியைப் பார்க்கக் காசு கொடுக்கும் ஒரு ஜனக்கூட்டம் இருக்கிறது என்ற செய்தி குற்றாலத்துச் சாரலில் வளர்ந்த மனிதருக்குள் இறங்க நேரம் பிடிக்காதா? "அடித்து விடு" என்றார்.

பிறகு பெரியம்மாவின் தரப்பு. அவர் எந்த ஊரையும் கேட்கவில்லை. பஞ்சாங்கத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை எங்கேயும் கிளம்பக் கூடாது. நல்லவேளை, செவ்வாய்க்கிழமை லூவர் அருங்காட்சியகமும் விடுமுறை என்பதால் பாரிஸும் பெரியம்மாவும் அந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போய்விட்டார்கள். சிக்கல் வெள்ளிக்கிழமையில் வந்தது. வெள்ளி மேற்கே சூலம். பாரிஸ் எங்கள் வீட்டுக்கு எந்தத் திசை என்று கேட்டார். மேற்கு. டிக்கெட் விலை வெள்ளியன்றுதான் மலிவாக இருந்தது. "அப்படியானால் வெல்லம் வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினால் பரிகாரம்" என்று பெரியம்மாவே வழியும் சொன்னார். என் கணவர் பொறுமையாகக் கட்டத்தில் ‘வெல்லம்’ என்று ஒரு பத்தி சேர்த்தார். அதற்குப் பச்சை நிறம்.

இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து, நேற்று இரவு இறுதி அட்டவணையை வாசித்துக்கொண்டிருந்தார். கார்ல்ஸ்ரூவில் ரயில் ஏறி, பாசெலில் இறங்கி, எட்டு நிமிடத்தில் லூசெர்ன் ரயில். அந்த இடத்தில்தான் பெரியப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் டிப்போவில் ஓட்டுநர்கள் பீடியை அணைப்பார்களாம்.

முழங்கால் கேள்விக்குப் பிறகு இரண்டாவது கேள்வி. "முதல் ரயில் நேரத்துக்கு வருமா?"

நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஜெர்மனியின் நெடுந்தூர ரயில்களில் 2024-இல் சொன்ன நேரத்துக்கு வந்தவை 62 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். அதிலும் ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட தாமதம் தாமதமே இல்லை. ரத்தான ரயில்கள் கணக்கில் வருவதில்லை. என் கணவர் உண்மை விளம்பி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

பெரியப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரத்தான வண்டியைத் தாமதத்தில் சேர்க்க மாட்டார்களா? அடடா! இது எங்கள் கிளை மேலாளருக்குத் தோன்றாமல் போயிற்றே. மாதக் கடைசியில் அந்த மனிதர் என்ன பாடு பட்டார்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பெரியம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் அளவுக்குச் சிரித்தார். பிறகு பென்சிலை எடுத்து, பாசெலுக்கு நேராக ஐம்பது நிமிடம் என்று எழுதினார். தாமதம் இருபது, பெட்டிகள் பத்து, முழங்கால் பன்னிரண்டு, கழிப்பறை எட்டு. கழிப்பறைக்குக் காசு கொடுக்க வேண்டும், ஒரு யூரோ கிட்டத்தட்ட நூறு ரூபாய் என்று நான் சொன்னதும், பெரியம்மா அந்த எட்டு நிமிடத்தைத் தேவையில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நாற்பத்திரண்டு.

என் கணவருக்கு அடுத்த ரயில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டிய நிலைமை. இருந்தது. முகம் கறுத்துவிட்டது.

எதிர்வீட்டுக்காரர் தன்னுடைய எட்டு நாட்டுப் பயணத்தைப் பற்றிக் குறைபட்டுக்கொண்ட ஒன்றைப் பெரியப்பா அப்போது நினைவுபடுத்தினார். நன்றாகப் போய்க்கொண்டிருந்த சொகுசுப் பேருந்தை ஓட்டுநர் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்திவிட்டு, முக்கால் மணி நேரம் கிளம்பவே இல்லையாம். திமிர் பிடித்தவன் என்றாராம். திமிர் இல்லை, விதி என்று என் கணவர் விளக்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு விதிப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம்தான். வாரத்தில் இரண்டு நாள் வேண்டுமானால் பத்து. வண்டியில் இருக்கும் கருவி எல்லாவற்றையும் பதிந்துவைக்கும், யாரும் மாற்றி எழுத முடியாது.

"சட்டமா?" என்றார் பெரியப்பா.

"சட்டம்தான் மாமா."

பென்சிலை மேசைமேல் வைத்துவிட்டார். "கோயம்புத்தூர் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கியவனை, ஆள் இல்லை என்று தூத்துக்குடி வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. குழாயடியில் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, துண்டை நனைத்துத் தலையில் கட்டிக்கொண்டு ஏறுவான். நேரம் நான்தான் எழுதுவேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்றார். யாரும் கேட்காமலேயே சொன்னார்.

பெரியம்மா குறுக்கே புகுந்து, ஈபிள் கோபுரத்துக்கு மின்தூக்கி உண்டா, படியா என்று விசாரித்தார். இரண்டும் உண்டு, இரண்டாம் தளம்வரை 674 படி என்றதும், மின்தூக்கிக்கு இப்போதே சீட்டு வாங்கச் சொன்னார்.

அதற்கப்புறம் பெரியப்பா ஒன்பதைப் பற்றிப் பேசவில்லை. ரோமுக்கு அந்த வெயிலில் போக வேண்டாம் என்று அவரே அடித்தார். வாடிகனும் கூடவே போயிற்று. லக்சம்பர்க்கை விட்டார், பெல்ஜியத்தை விட்டார். லிக்டன்ஸ்டைனை மட்டும் விடவில்லை. நாடு என்பதற்காக இல்லை. சுவிட்சர்லாந்தின் சார்கன்ஸ் ஸ்டேஷனிலிருந்து பேருந்திலேயே போகலாம் என்று தெரிந்ததால். ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கை கிடைக்குமா என்று கேட்டார். அந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் அறை எந்தப் பக்கம் இருக்கும் என்றும் கேட்டார். அப்படி ஓர் அறையும் இல்லை, ஆளும் இல்லை, மின்பலகைதான் நேரம் காட்டும் என்று சொன்னோம்.

"அப்படியானால் வண்டி தாமதமானால் ஜனங்கள் யாரைத் திட்டுவார்கள்?"

இதற்கும் எங்களிடம் பதில் இல்லை.

இவ்வளவு சமாதானமாக முடிந்த கூட்டத்தில் என் தலையில் விழுந்தது என்ன என்று கேளுங்கள். ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா. ஆளுக்கு 90 யூரோ கட்டணம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், எல்லாம் சரி. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். அழைப்புக் கடிதம் எங்களுடையது என்பதால் ஜெர்மனியிடம் விண்ணப்பிப்பதுதான் சுலபம். அதற்கு ஜெர்மனியில் இரவுகள் கூடுதலாக இருக்க வேண்டும். நீக்கிய நாடுகளின் இரவுகள் அத்தனையையும் என் கணவர் வாரி எடுத்து ‘வீடு’ என்ற கட்டத்தில் கொட்டிவிட்டார். மூன்று வாரப் பயணத்தில் முக்கால்வாசி வீடு. உணவு என்ற பத்தியிலும் வீடு. பெரியப்பாவுக்குக் காலையில் இட்லி, இரவில் இட்லி. பெரியம்மாவுக்கு வியாழன் ஒரு பொழுது. சித்திக்குச் சொதி இல்லாமல் ஞாயிறு விடியாது. இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது என்பதால் தேங்காய் முதல் நாளே வாங்கிவைக்க வேண்டும். யாருடைய சுற்றுலா இது?

இன்று காலை நானும் ஒரு பத்தி சேர்த்தேன். ‘சமையல் யார்?’ என்று தலைப்பு. சிவப்பு நிறம். குழுவில் போட்டு மூன்று மணி நேரம் ஆகிறது. எல்லோரும் பார்த்துவிட்டதாகக் காட்டுகிறது. பதில் போட்டவர் சித்தி மட்டும்தான். அவருடைய பக்கத்து வீட்டு டீச்சர் வருடம் தவறாமல் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர். பிரான்ஸ் போகிறோம் என்று கேள்விப்பட்டாராம். பாரிஸிலிருந்து லூர்து பக்கம்தானே, போய்விட்டு வரும்போது ஐந்து லிட்டர் கேனில் தீர்த்தம் கிடைக்குமா என்று விசாரித்துச் சொல்லச் சொல்கிறார்.