எந்தத் தெரு என்று கேட்டுவிட்டேன்

மதுரையில் மனநல கவுன்சலிங் செய்து வருகிறேன், பதினோரு வருஷம் ஆகப்போகிறது. ஆற்றுப்படுத்துநர் என்று தமிழில் அழகான ஒரு சொல் உண்டு. ஆனால் என் அம்மாவே பக்கத்து வீட்டில் "பொண்ணு கவுன்சலிங் குடுக்குறா" என்றுதான் சொல்கிறார், அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன். இந்தக் கட்டுரையில் வரும் ஆட்கள் யாரும் ஒரு தனி ஆள் இல்லை. பலருடைய கதைகளைக் கலந்து, வயது, வேலை, ஊர் எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

முதல் நாள் வருகிறவர் இறுக்கமாக உட்கார்ந்திருந்தால் நான் வழக்கமாகக் கேட்பது "சொந்த ஊர் எது?" என்பது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடக் கேட்கிற கேள்விதானே. ஐ.டி. வேலையில் சேர்ந்து ஒரு வருஷமான ஓர் இளைஞர் ஊர்ப் பெயரைச் சொன்னார். அந்தப் பக்கம் எனக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. ஆர்வத்தில், "அட, அங்க எந்தத் தெரு?" என்று கேட்டுவிட்டேன். "பஸ் ஸ்டாண்ட் பக்கம் மேடம்" என்றார். அப்புறம் முக்கால் மணி நேரம், தூக்கம் வரவில்லை, பசிக்கவில்லை என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வரவில்லை. அவர் கிளம்பிப் போனபிறகுதான் உறைத்தது, அந்த ஊருக்கு பஸ் ஸ்டாண்டே கிடையாது.

நம்ம பக்கத்தில் தெருவைக் கேட்பது என்ன கேட்பது என்று எல்லாருக்கும் தெரியும். ஊரா, காலனியா என்று வாய்விட்டுக் கேட்காமலேயே கேட்கிற வழி அது. நான் அப்படி நினைத்துக் கேட்கவில்லை, சத்தியமாக. ஆனால் நான் பிறந்த வீட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல யாரும் ஒரு நாளும் யோசித்ததில்லை, அதனால்தான் அது எனக்கு இவ்வளவு சாதாரணமாக வாயில் வந்தது. எம்.எஸ்சி. சைக்காலஜி படித்த இரண்டு வருஷத்தில் வகுப்பில் சாதி என்ற வார்த்தை ஒரு முறைகூட வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

நல்லவேளை, அடுத்த வாரமும் வந்தார். "தம்பி, உட்காருப்பா" என்றேன், பாசமாகத்தான். அதுவும் தப்பு என்று தெரிய இன்னும் இரண்டு வாரம் ஆனது. அவருடைய அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஊரில் ஏழாம் வகுப்புப் படிக்கிற பையன்கள்கூட அவரை "வா, போ" என்றுதான் கூப்பிடுவார்களாம். ஒரு வீட்டில் கொஞ்சலாக இருக்கிற 'நீ' இன்னொரு வீட்டில் எப்படி விழும் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. இப்போதெல்லாம் என் மகள் வயதுப் பிள்ளை வந்தாலும் 'நீங்க' என்றுதான் ஆரம்பிக்கிறேன். எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவர்களே சொல்லட்டும்.

அவர் மனசில் ஓடிக்கொண்டிருந்தது ஒரே வாக்கியம்: நான் லாயக்கில்லாதவன். இதற்கு எங்களிடம் ரெடியாக ஒரு முறை இருக்கிறது. 1960களில் அமெரிக்காவில் ஆரோன் பெக் உருவாக்கிய சிகிச்சையிலிருந்து வந்தது. ஒரு தாளில் கோடு போட்டு, அந்த நினைப்புக்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம் என்று இரண்டு பக்கமும் எழுதச் சொல்வோம். பெரும்பாலும் முதல் பக்கம் காலியாகவே கிடக்கும், அதைப் பார்த்தாலே மனசு கொஞ்சம் லேசாகும். இவர் எழுதினார். டீம் லஞ்சில் இன்ஜினியரிங் கட்-ஆஃப் எவ்வளவு என்று கேட்டது. சொன்னதும் "ஓ, கோட்டாவா" என்று சிரித்தது. வீட்டு ஓனர் அட்வான்ஸ் வாங்கக் கை நீட்டிவிட்டு, அப்பா என்ன வேலை, எந்தப் பக்கம் என்று விசாரித்தபின் "வேற ஆளுக்குச் சொல்லிட்டேன்" என்றது. தாள் நிறைந்துவிட்டது.

"இதை வேற மாதிரியும் பார்க்கலாமே" என்பதுதான் அந்த இடத்தில் சொல்ல எனக்குக் கற்றுக்கொடுத்த பதில். சொல்லியிருந்தால், கண்ணால் பார்த்ததையே அவர் சந்தேகப்பட வேண்டும் என்று ஆகியிருக்கும். அவர் சிந்தனையில் எந்தக் கோளாறும் இல்லை, நடந்ததைத்தான் எழுதியிருக்கிறார். அதனால் அந்த வாக்கியத்தை இரண்டாகப் பிரித்தோம். 'நான் லாயக்கில்லாதவன்' ஒன்று. 'என்னை லாயக்கில்லாதவன் மாதிரி நடத்துகிறார்கள்' இன்னொன்று. முதலாவதற்கு பெக்கின் தாள் இன்றைக்கும் உதவுகிறது. இரண்டாவதற்குப் பேச்சே வேறு: யாரிடம் பதில் பேசலாம், யாரிடம் பேசினால் வேலைக்கு வேட்டு, இதே கேள்விகளைக் கடந்து வந்தவர்கள் தெரிந்த வட்டத்தில் யார் இருக்கிறார்கள். புகார் கொடுங்கள் என்று நான் அவசரப்படுத்தவில்லை. தங்கச்சி காலேஜ் ஃபீஸ் அந்தச் சம்பளத்தில்தான் போகிறது, அதை என்னைவிட அவருக்கு நன்றாகவே தெரியும்.

சாதியைப் பேசினால் வைத்தியம் வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. மூன்று மாதமாகத் தூக்கம் கெட்டிருந்ததால் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கும் அனுப்பினேன், மாத்திரையும் சாப்பிட்டார்.

"கவுன்சலருக்கு எதுக்கு அரசியல்?" என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள், கூடப் படித்தவர்கள் உட்பட. அப்போதெல்லாம் 2021இல் வந்த ஒரு தீர்ப்பைத்தான் சொல்வேன். வீட்டுக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்குப் போய்ச் சேர்ந்த இரண்டு பெண்கள், ஒருவரையொருவர் நேசித்தவர்கள், பாதுகாப்பு கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே புரிதல் போதவில்லை என்று வெளிப்படையாக ஒத்துக்கொண்டு, தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் தானே ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். ஜூன் 7ஆம் தேதி வந்த உத்தரவு, பாலீர்ப்பை 'மாற்றுகிற' சிகிச்சைகளுக்குத் தடை போட்டது. நீதிபதிக்கே அந்தப் பாடம் தேவைப்பட்டது என்றால் எனக்கு வேண்டாமா? மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 3ஆம் பிரிவும் தெளிவாகத்தான் இருக்கிறது. சமூகத்தின் ஒழுக்க மதிப்பீடுகளுக்கு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து ஒருவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது. இவ்வளவுக்குப் பிறகும் "பையனை நார்மலாக்கிக் குடுங்க" என்று பெற்றோர் கூட்டி வருகிறார்கள். சரி என்று ஒத்துக்கொள்ளும் ஆட்களும் இருக்கிறார்கள், எரிச்சலாக வருகிறது.

சாமி விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் தடுமாறுவேன். தர்காவை நம்பி மனநோயாளிகளைக் கொண்டுவந்து விடுகிற ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் தீயில் செத்துப்போனார்கள். அதை மறக்க முடியாது. அதற்காக, மகளுக்குக் கையில் கயிறு கட்டி அழைத்து வருகிற அம்மாவிடம் அதை அவிழ்க்கச் சொல்ல எனக்கு மனசு வருவதில்லை, அந்தக் கயிறு அந்த அம்மாவுக்குத் தைரியம். "கோயிலுக்குப் போங்க, தர்காவுக்கும் போங்க, மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க" என்பேன். கட்டிப்போடுகிற இடம் என்று தெரிந்தால் மட்டும் பேச்சு மாறும்.

கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேதான் நிறைய பேர் நின்றுபோகிறார்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஒரு நாள் கூலியைவிட அதிகமாக வாங்கிக்கொண்டு நான் சமூக அக்கறை பற்றி எழுதினால் சிரிப்பார்கள். வாரத்தில் ஒரு நாள், முடிந்ததைக் கொடுங்கள் என்று வைத்திருக்கிறேன், அது போதாது என்றும் தெரியும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசாங்கத்தின் மனநல உதவி எண்ணை, வருகிறவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிறேன். 2022 அக்டோபரில் தொடங்கியது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

அந்த இளைஞர் ஏழாவதோ எட்டாவதோ முறை வந்தபோது, கிளம்புகிற நேரத்தில் கதவுப் பக்கம் நின்று, "மேடம், அந்தப் பக்கம் உங்க சொந்தக்காரங்க எந்தத் தெரு?" என்று கேட்டார். கிளையன்டிடம் சொந்த விஷயம் பேசக் கூடாது என்பது விதி. சொன்னேன். தெருப் பெயரிலேயே எல்லாம் இருக்கிறது.

"தெரியும் மேடம். முதல் நாளே நீங்க கேட்ட விதத்துலயே தெரிஞ்சிடுச்சு" என்று சிரித்தார். "அடுத்த வாரம் ஆறு மணிக்கு வரலாமா? ஷிஃப்ட் மாறுது."