பெர்த் ப்ரூவரிப் பயணம்: கார்ச் சாவி யார் கையில்?

ஒருவழியாக அட்டவணை படிந்துவிட்டது. மார்ச் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பி மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, தெற்கே மார்கரெட் ரிவர் வரை போய்த் திரும்புகிறோம். அத்தைக்குக் கோயில் உண்டு, பிள்ளைகளுக்குக் கடல் உண்டு, எனக்கும் கணவருக்கும் நாளுக்கு ஒரு ப்ரூவரி, அதாவது பியர் காய்ச்சும் இடம், உண்டு. குடித்தவர் யாரும் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. இந்தக் கடைசி நிபந்தனைதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

சொந்தக் காரிலேயே பாலம் தாண்டி மலேசியாவுக்குப் போகக்கூடாதா என்று கேட்பீர்கள். முக்கால் டாங்க் பெட்ரோல், மலேசியாவுக்குள் கார் நுழைய வேண்டிய வி.இ.பி. அனுமதி எல்லாம் தயார்தான். ஆனால் மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குள் வருகிறவருக்கு மதுபானத் தீர்வைச் சலுகை துளிகூடக் கிடையாது. தாய்லாந்து வரை ஓட்டிப் போனாலும் கடைசியில் உள்ளே நுழைவது மலேசியாவிலிருந்துதானே! வீட்டுக்கு நாலு டப்பா கொண்டுவர முடியாத ப்ரூவரிப் பயணத்தில் எனக்கு ருசி இல்லை. பெர்த் என்றால் ஐந்து மணி நேர விமானம், இங்கே என்ன மணியோ அங்கேயும் அதே மணி, நம்மைப் போலவே இடப்பக்க ஓட்டம்.

முதல் நிறுத்தம் ஃப்ரீமேண்டில் துறைமுகத்தில் லிட்டில் கிரீச்சர்ஸ். 2000இல், ஒரு காலத்தில் முதலைப் பண்ணையாக இருந்த கொட்டகையில் ஆரம்பித்தார்கள். மூத்தவனுக்கு இந்த ஒரு தகவல் போதும், வரத் தயார். 2012இல் பெரிய நிறுவனம் வாங்கிவிட்டதால் அதைக் கிராஃப்ட் (சிறு ப்ரூவரி) பியர் என்றே ஒத்துக்கொள்ளாத நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் வெளியே நிற்கட்டும், அவர்களின் பேல் ஏல் என்ற வெளிர்நிறப் பியரை அங்கேயே பியர்க் குழாயடியில் குடிக்காமல் நான் தெற்கே நகரமாட்டேன்.

மறுநாள் காலையில் மாண்டகாலப் பாலமுருகன் கோயில். தெற்கே போகும் விரைவுச்சாலையிலிருந்து சற்றே விலகினால் போதும். அத்தையின் சம்மதம் வந்ததே இதற்குப் பிறகுதான். பஸல்டனில் கடற்கரையை ஒட்டியே ஷெல்டர் ப்ரூவிங் இருக்கிறது. அங்கே கடலுக்குள் கிட்டத்தட்ட 1.8 கிலோமீட்டர் நீளும் மரப்பாலத்தில் குட்டி ரயில் ஓடுகிறது. பிள்ளைகளும் அத்தையும் ரயிலில் போய்வருவதற்குள் ஒரு கிளாஸை நிதானமாக முடித்துவிடலாம். அதற்கப்புறம் வருவதுதான் பெரிய வேட்டைக்காடு, மூன்று ப்ரூவரிகள்: ஈகிள் பே, மெட்ரிகப்பில் பியர்ஃபார்ம், வில்யாப்ரப்பில் 1994 முதல் இருக்கும் பூட்லெக். பியர்ஃபார்ம் பழைய பால்பண்ணை. பியர் காய்ச்சி மிஞ்சும் மால்ட் (முளைகட்டிய தானியம்) சக்கையை அங்கே மாடுகளுக்குப் போடுகிறார்கள். என் வீவக அடுக்குமாடி வீட்டில் அதே சக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் பிஸ்கட்டாகச் சுட்டுப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது அவர்கள் என்னைக் கண்டாலே கதவைச் சாத்துகிறார்கள்.

சரி, சாவிக்கு வருகிறேன்.

ருசி பார்க்க வகைக்கு ஒரு கிளாஸாக அடுக்கித் தரும் 'டேஸ்டிங் பேடில்' பலகை பார்ப்பதற்குச் சாது. ஆறு சின்னக் கிளாஸ், ஒவ்வொன்றிலும் 100 மில்லி, சராசரி 5 சதவிகிதம் என்று வையுங்கள். மொத்தம் 30 மில்லி ஆல்கஹால், எடையில் ஏறக்குறைய 24 கிராம். ஆஸ்திரேலியாவில் 10 கிராம்தான் ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க். ஆக, சும்மா ருசி பார்த்ததிலேயே 2.4 உள்ளே போய்விட்டது. நம் ஊரில் 100 மில்லி ரத்தத்துக்கு 80 மில்லிகிராம் வரம்பு, அங்கே 50. சாலையோரம் நிறுத்தி ஊதச் சொல்வதும் சாதாரணம். இந்த எண்களை வைத்து 'ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பலாம்' என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பின் சீட்டில் பிள்ளைகள் இருக்கும்போது எனக்கு அந்தக் கணக்கே வேண்டாம், ஓட்டுகிறவருக்குப் பூஜ்யம். வைன்காரர்களைப் போலத் துப்பலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். பியரின் கசப்பு விழுங்கினால்தான் முழுதாகத் தெரியும், துப்பினால் பாதி பியர்தான். சுற்றுலா வேன்களும் உண்டு. ஆனால் பிள்ளைகளையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களுடன், அவர்கள் நேரத்துக்கு ஏறி இறங்க முடியாது.

எங்கள் தீர்வு எளிது: ஒருநாள் சாவி அவரிடம், மறுநாள் என்னிடம். ஓட்டுகிறவர் தன் பங்கை டப்பாவில் வாங்கி ஐஸ்பெட்டியில் வைத்து, இரவில் தங்குமிடத்தில் குடித்துக்கொள்வார். ப்ரூவரிக்குப் போவது மதியச் சாப்பாட்டுக்கு மட்டும். மார்ச்சில் ஆறரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், அந்த நேரத்தில்தான் கங்காரு சாலைக்குக் குறுக்கே பாயும். எப்படியும் அந்தப் பக்கத்து ப்ரூவரிகளில் பாதி சாயங்காலமே கடையைக் கட்டிவிடும்.

எந்த நாள் யாருக்கு என்பதில்தான் வீட்டில் சண்டை. ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் வாசமும் தரும் பூ) தூக்கலான பியர் நாளாக ஆக வாசம் இழக்கும், கார் டிக்கியின் சூட்டில் இன்னும் சீக்கிரம் இழக்கும். கறுப்பு ஏல், ஸ்டவுட் போன்ற கரும்பியர் எல்லாம் டப்பாவுக்குள் பொறுமையாக இருக்கும். எனக்கு ஹாப்ஸ் தூக்கலான ஐ.பி.ஏ. பிடிக்கும், அவருக்கு ஸ்டவுட். ஆகவே வேதியியல்படி குழாயடியில் குடிக்க வேண்டியது நான், டப்பா வாங்க வேண்டியது அவர். இதைத் தாளில் எழுதி ஆதாரத்தோடு விளக்கினேன். "அப்போ ஏழு நாளும் நான்தான் டிரைவரா?" என்றார். இறுதியில் பூட்லெக்கை அவருக்கு விட்டுக்கொடுத்தேன். அங்கே ரேஜிங் புல் என்று 7 சதவிகிதம் தாண்டிய கறுப்பு ஏல் இருக்கிறது. ஈகிள் பே எனக்கு. பியர்ஃபார்முக்கு நாணயம் சுண்டுவதாகப் பேச்சு.

அடுத்தது, இங்கே கொண்டுவரும் கணக்கு. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டு ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பும் பெரியவருக்கு, சலுகை முழுவதையும் பியராகவே எடுத்தால் 2 லிட்டர். 375 மில்லி டப்பா ஐந்து என்றால் 1,875. மிச்சம் 125ஐ வீணாக்க மனசு வருமா? 440 மில்லி பெரிய டப்பா ஒன்றும் 375இல் நான்கும் சேர்த்தால் 1,940. பெரியது இரண்டு, சின்னது மூன்று என்றால் 2,005. வெறும் ஐந்து மில்லி! அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சலுகைக்கு மேலே போனாலும் உலகம் இடிந்துவிடாது. பியருக்குச் சுங்கத் தீர்வையும் உற்பத்தித் தீர்வையும் சேர்த்து ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 76 வெள்ளி. 375 மில்லி டப்பாவில் 4 சதவிகிதப் பியர் என்றால் 1.14 வெள்ளி, 6 சதவிகிதம் என்றால் 1.71, 10 சதவிகித இம்பீரியல் ஸ்டவுட் என்றால் 2.85. இதோடு பொருள் சேவை வரி 9 சதவிகிதம் தனி. தீர்வை ஆல்கஹால் அளவுக்குத்தான், பியர் அளவுக்கு இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அதனால் சலுகைக்குள் தடித்த ஸ்டவுட்டுகளை அடைத்து, லேசான பியர்களுக்குத் தீர்வை கட்டுவதாகத் திட்டம். சுங்கத்துறையிடம் இணையத்திலேயே முன்கூட்டி அறிவித்துப் பணம் கட்டிவிடலாம்.

அத்தைக்கும் 2 லிட்டர் உண்டே என்று கணவர் கண் சிமிட்டினார். சலுகை அவரவர் குடிப்பதற்குத்தான், அத்தையோ மோரைத் தாண்டாதவர். "என் பேர்ல பியரா? சாங்கியில என்னை நிக்க வெச்சு கேள்வி கேட்டா யாருடா பதில் சொல்றது?" என்று அவர் எழுந்து போனதோடு பேச்சு முடிந்தது. அத்தையின் கவலை வேறு திசையில். பருப்புப் பொடியும் ஊறுகாயும் எடுத்துக்கொள்ளாமல் அவர் கிளம்பமாட்டார். ஆஸ்திரேலியாவில் உணவுப் பொருளைப் பயணி நுழைவு அட்டையில் அறிவிக்க வேண்டும். கடையில் முத்திரையிட்டு விற்பதையே வாங்கி, எல்லாவற்றையும் அறிவித்துவிடச் சொல்லியிருக்கிறேன். பச்சைக் கருவேப்பிலை மட்டும் கூடவே கூடாது.

குழந்தை இருக்கை இன்னும் முடியவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஏழு வயதுக்குள் இருந்தால் தனி இருக்கை கட்டாயம், அதுவும் அந்நாட்டுத் தரச்சான்று பெற்றதாக இருக்க வேண்டும். இங்கிருந்து எங்களுடையதைத் தூக்கிப் போக முடியாது. சின்னவளுக்கு ஐந்து வயது. ஒரு வாடகை நிறுவனம் இருக்கைக்கு நாள் கணக்கில் கேட்கும் தொகையைக் கூட்டினால் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம் போலிருக்கிறது. இன்னும் இரண்டு இடத்தில் விலை கேட்டிருக்கிறேன்.

இதற்கிடையே நான் வீட்டில் பியரை நொதிக்க வைக்கும் ஃபெர்மென்டர் காலியாக நிற்கிறது. வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை காய்ச்ச அனுமதி இருந்தும் ஒரு சொட்டு காய்ச்சவில்லை. போன முறை வரவழைத்த திரவ ஈஸ்ட், ஐஸ்கட்டியெல்லாம் உருகி வெதுவெதுப்பாக வந்து சேர்ந்தது. விற்றவரிடம் கேட்டால் 'பரவாயில்லை, போட்டுப் பாருங்கள்' என்கிறார். என் மால்ட்டையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் வைத்தா போட்டுப் பார்ப்பது? இனி க்வைக் பக்கம் போகலாம் என்றிருக்கிறேன். நார்வே பண்ணை ஈஸ்ட், 35 டிகிரியிலும் சளைக்காமல் வேலை செய்யும், காய்ந்த பொட்டலமாகவும் கிடைக்கிறது. பூட்லெக்கிலிருந்து திரும்பியதும் அந்தக் கறுப்பு ஏலின் சாயலில் ஒன்று காய்ச்சிப் பார்க்கிற எண்ணம். மால்ட் பட்டியல் பாதி எழுதியாகிவிட்டது, சாக்லேட் மால்ட் எவ்வளவு என்பதில் நிற்கிறேன்.

கணவர் இப்போது வரைபடத்தை விரித்து அல்பனி வரை போகலாமா என்கிறார். வழியில் வால்போல் காட்டில் 40 மீட்டர் உயரத்தில் மரங்களுக்கு நடுவே நடைபாலம் இருக்கிறதாம், பிள்ளைகள் இரண்டும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். மார்கரெட் ரிவரிலிருந்து இன்னும் 350 கிலோமீட்டர் சொச்சம். போனால் பியர்ஃபார்ம் நாள் அடிபடும். அந்த நாள் நாணயம் என் பக்கம் விழுந்தால் அல்பனி இல்லை, அவர் பக்கம் விழுந்தால் தாராளமாகப் போகலாம்.