வீட்டிலேயே அழைப்பிதழ்: நான் பட்ட பாடு

தங்கை கல்யாணத்துக்கு 120 அழைப்பிதழ் தேவைப்பட்டது. அச்சகத்தில் சொன்ன தொகையைக் கேட்டதும், "இதென்ன பெரிய வித்தை, நானே செய்து தருகிறேன்" என்று வாயை விட்டுவிட்டேன். வடிவமைப்பு ஒரே ராத்திரியில் முடிந்தது. மற்றதெல்லாம் மூன்று வாரம் இழுத்தது.

முதல் சறுக்கல் உறையில். 14 செ.மீ. சதுரமாக அட்டையை வடிவமைத்துவிட்டு அப்புறம் உறை தேடினேன். கிடைத்ததெல்லாம் ஒன்று சிறியது, இல்லாவிட்டால் அட்டை உள்ளே நீச்சலடிக்கும் அளவுக்குப் பெரியது. சரி என்று உறையை முதலில் வாங்கிக்கொண்டு அட்டையை அதற்கேற்ப மாற்றினேன். சி6 உறை 114 × 162 மி.மீ. ஏ4 தாளை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் நடுவில் மடித்தால் 105 × 148. கச்சிதமாக உட்கார்ந்தது. 60 தாளில் 120 அட்டை, துண்டுகூட மிச்சமில்லை. உறையை முதலில் வாங்குங்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நான் சொல்லிவிட்டேன்.

அடுத்தது பளபளப்பு ஆசை. வழவழப்பான அட்டையில் வீட்டு இங்க்ஜெட்டில் அடித்ததும் ஜொலித்தது. பத்து நிமிடம் கழித்து விரலை வைத்தேன், மாப்பிள்ளை பெயர் இழுபட்டு மணப்பெண் பெயர்மேல் ஏறிவிட்டது. இங்க்ஜெட்டுக்கென்று தயாரிக்காத பூச்சு மையை உறிஞ்சாது, மேலேயே ஈரமாக நிற்கும். போதாக்குறைக்குப் பின்னணி முழுக்க அடர் சிவப்பு வைத்திருந்தேன். ஆறு மாதிரி எடுப்பதற்குள் கேட்ரிட்ஜ் காலி. பின்னணியை வெள்ளையாக விட்டு ஓரத்தில் மட்டும் ஒரு கோடு போட்டேன், பூச்சில்லாத 220 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அட்டைக்கு மாறினேன். மை வாங்குகிற செலவுக்கு லேசர் பிரிண்ட் கடையே மேல் என்று பட்டது.

அந்தக் கடையில் நடந்ததை இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. வேர்டு கோப்பைத் திறந்ததும் "கொ" எல்லாம் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகப் பிய்ந்து கிடந்தது. "எங்க சிஸ்டத்துல இந்த ஃபான்ட் இல்லீங்க, நீங்கதான் சரியா கொண்டு வரணும்" என்றார் அங்கிருந்தவர், முகத்தைக்கூட நிமிர்த்தாமல். வீட்டுக்கு ஓடி, எழுத்துருவைச் சேர்த்து பிடிஎஃப் ஆக்கிக்கொண்டு திரும்பினேன். இந்தமுறை எழுத்து பிழைத்தது, அளவு பிழைக்கவில்லை. தாளுக்குப் பொருத்தும் அமைப்பிலேயே விட்டு அடித்ததில் எல்லாம் கொஞ்சம் சுருங்கி, என் வெட்டுக்கோடு இடம் மாறிவிட்டது. "100 சதவீதத்தில் போடுங்கள்" என்று கெஞ்சி வாங்க வேண்டியிருந்தது. 11 தாள் ஒழுங்காக வந்தது. பன்னிரண்டாவது உள்ளே சிக்கியதும் அவர் மெஷினை மூடிவிட்டு, "கனமான அட்டை, மீதியை நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

அன்று ராத்திரி அந்த 22 அட்டைகளில் மடித்துப் பழகினேன். கையால் அப்படியே மடித்தால் லேசர் மை மடிப்பில் வெடித்து, ஓரக்கோட்டில் வெள்ளை வெள்ளையாகப் பல்லைக் காட்டுகிறது. தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவை ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி ஓர் அழுத்து அழுத்திப் பள்ளம் போட்டுக்கொண்டு மடித்தால் வெடிப்பு வெகுவாகக் குறைகிறது. வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் வேண்டாம். பிளேடைப் புதிதாக மாற்றி, ஒரே இழுப்பில் அறுக்கப் பார்க்காமல் மூன்று நான்கு முறை லேசாக இழுங்கள். உறையில் போட்டும் பார்த்துக்கொண்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒன்றை எடுத்துச் சத்தமாக வாசித்தாள். "12ஆம் தேதி வியாழக்கிழமை... ஏண்டா, 12 வெள்ளிதானே?"

மண்டபம் கிடைக்காமல் தேதியை 11லிருந்து 12க்கு மாற்றியபோது கிழமையை மாற்ற மறந்திருக்கிறேன். திரையில் ஐம்பது தடவையாவது பார்த்திருப்பேன், கண்ணில் படவே இல்லை. மெஷின் மட்டும் சிக்காமல் இருந்திருந்தால் 60 தாளும் போயிருக்கும். திட்டிய ஆளுக்கு மறுநாள் மனதார நன்றி சொன்னேன். அவர் அப்போதும் நிமிரவில்லை.

புதிதாக 60 தாள் அடித்து, ஒரு வாரம் மடித்து, தங்கையே பெயர்களை எழுதினாள். வீணானதையெல்லாம் சேர்த்தும் அச்சகம் கேட்டதில் பாதியைத் தாண்டவில்லை.

அனுப்பி நான்கு நாள் கழித்துப் பெரிய மாமாவிடமிருந்து போன். "மாப்ளே, அட்டை பிரமாதம். கல்யாணம் வியாழனா, வெள்ளியா?"

ஓடிப்போய்க் கழிவுப் பையைக் கொட்டி எண்ணினேன். 21தான் இருந்தது.