கொடிமலையில் இருந்து பார்த்த கடாரம்

மலேசியாவின் பினாங்குக்கு வந்து ஐந்து மாதமாக எனக்குத் தெரிந்ததெல்லாம் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையும் வாடகை வீடும்தான். ஒரு ஞாயிறு காலை பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டினார். "பசியாறியாச்சா தம்பி? கிளம்புங்க, கொடிமலைக்குப் போவோம்."

காலைச் சாப்பாட்டை எங்கள் நாகூர்ப் பக்கத்திலும் 'பசியாறுவது' என்பார்கள். அந்தச் சொல்லுக்காகவே கிளம்பிவிட்டேன்.

ஆயர் ஈத்தாமில் ரயில் ஏறினோம். கம்பிவடம் இழுக்கும் மலை ரயில் இங்கே 1923 முதல் ஓடுகிறது. முன்பு பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறவேண்டுமாம். 2011-இல் வந்த புதிய ரயில் நேராக மேலே கொண்டுபோய் விடுகிறது. கப்பல் வரவை அறிவிக்க உச்சியில் கொடிக்கம்பம் இருந்ததால் மலாயில் புக்கிட் பெண்டேரா, நமக்குக் கொடிமலை.

மேலே நல்ல குளிர்ச்சி. முருகன் கோயிலும் பள்ளிவாசலும் அருகருகே நிற்கின்றன. கோயிலில் கும்பிட்டுவிட்டு, ஊரைப் பார்க்கும் மேடைக்குப் போனோம். ஜார்ஜ் டவுன் முழுவதும் கீழே விரிந்து கிடந்தது. அதற்கப்பால் நீரிணை, எதிர்க்கரையில் பட்டர்வொர்த் நகரம், தெற்கே 13.5 கிலோமீட்டர் நீளப் பாலம். இத்தனை மாதம் துண்டு துண்டாகப் பார்த்த ஊர் அன்றுதான் எனக்கு ஒரே ஊரானது.

வடக்கே கெடா மாநிலக் கரையில் நீலமாக ஒரு மலை தெரிந்தது. "அது குனோங் ஜெராய்" என்றார் அக்கா. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதன் அடிவாரத்தில்தான் பழைய கோயில்களின் இடிபாடுகள் கிடைத்த பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. கெடாதான் நம் கல்வெட்டுகள் சொல்லும் கடாரம். 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை இங்கு வந்ததைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறேன். ஆனால் என் மனம் அதற்கு முந்தைய காலத்துக்குப் போனது. கடாரத்து அரசர்கள் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்தைக் கட்டினார்கள்; ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடையாகக் கொடுத்தான். ஆனைமங்கலம் வழியாக நான் எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். அதைக் கொடையாகப் பெற்றவர்களின் நாடு இப்போது என் கண்முன்னே!

அக்காவிடம் இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கீழே துறைமுகத்தைக் காட்டினார்.

"எங்க தாத்தா ரஜூலா கப்பல்ல வந்து அங்கதான் இறங்கினாரு. ஏறினது உங்க நாகப்பட்டினத்துல. நான் அந்த ஊரைப் பார்த்ததே இல்ல தம்பி. அடுத்த தடவை போனா, அந்தக் கடற்கரையை ஒரு படம் எடுத்துட்டு வாங்க."

பொங்கலுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன்.