மான் இறங்கும் அலைகரையில் சிறுத்தையின் தடம்

ஆடி, ஆவணியில் இலங்கையின் வன்னிக் குளங்கள் வற்றத் தொடங்கியதும் மானும் மரையும் (கடமான்) அலைகரைக்கு, அதாவது குளத்தின் தண்ணீரோரத்துக்கு, இறங்கும். சிறுத்தையின் தடம் பார்க்கவும் அதுதான் நல்ல காலம். மாரி தொடங்கிவிட்டால் எங்கும் தண்ணீர், எங்கும் புல். மான் கூட்டம் சிதறிவிடும். பதிந்த அடியையும் மழை கரைத்துவிடும்.

முதலில் மான் எந்த வழியால் தண்ணிக்கு வருகிறது என்று பாருங்கள். புள்ளிமான் பகலிலும் வெளிக்கு வரும். மரை பெரும்பாலும் பொழுதுபட்ட பிறகுதான். குளம்படியும் புழுக்கையும் அந்த வழிகளைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் சிறுத்தையைத் தேடி அந்த ஒற்றையடிப் பாதைகளுக்குள் நுழையத் தேவையில்லை. குளக்கட்டு, கிரவல் றோட்டு, உழவு இயந்திரம் போன தடம், வற்றிய ஆற்று மணல் என்று சத்தமில்லாமல் கால் வைக்கக்கூடிய இடங்களில்தான் அது விரும்பி நடக்கும். மான் வழி இவற்றைக் குறுக்கறுக்கும் இடங்களில் நின்று தேடுங்கள்.

அலைகரைச் சேறு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. தண்ணீர் விளிம்பில் அது இளகிக் கிடப்பதால் நாயின் அடிகூடப் பெரிதாக விரிந்து தெரியும். மேலே காய்ந்து வெடித்த பகுதியில் ஒன்றும் பதியாது. இரண்டுக்கும் நடுவில், விரலால் அமத்தினால் அரைச் சென்ரிமீற்றர் பதிகிற ஒரு பட்டை இருக்கும். அங்கே எடுக்கிற அளவைத்தான் நம்பலாம். வெயில் சாய்வாக விழும் காலையில், சூரியனை எதிர்நோக்கி நின்றால் அடியின் விளிம்பு நிழலோடு எழும்பித் தெரியும்.

நகம் பதிந்தால் நாய், பதியாவிட்டால் சிறுத்தை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது போதாது. கட்டாந்தரையில் நாயின் நகமும் பதியாது; சேற்றில் வழுக்கும்போது சிறுத்தையும் நகத்தை ஊன்றும். உள்ளங்கால் மெத்தையைப் பாருங்கள். சிறுத்தையின் மெத்தை அகலமானது, அதன் பின்விளிம்பு மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். நாயின் மெத்தை சிறியது, முன்பக்கம் ஒடுங்கி முக்கோணமாக நிற்கும். நாயின் நடு விரல்கள் இரண்டும் ஒரே வரிசையில் இருக்கும். சிறுத்தைக்கு அவற்றில் ஒன்று முந்தி நிற்கும். இடப்பக்கத்து விரல் முந்தினால் அது வலக்கால்.

வளர்ந்த சிறுத்தையின் அடி சுமார் 7 முதல் 9 சென்ரிமீற்றர் அகலம். முன்னங்கால் பெரிது, வட்டமானது. ஐந்து சென்ரிமீற்றர் அளவில் பூனை அடி கிடைத்தால், அதுவும் தண்ணீரோரமாக இருந்தால், மீன்பிடிப் பூனையை நினையுங்கள். ஆறுதலாக நடக்கும் சிறுத்தையின் பின்னங்கால், முன்னங்கால் பதிந்த இடத்தின் மேலேயே விழுவதுண்டு. இரண்டும் சேர்ந்து நீண்ட ஒரே அடிபோலத் தெரியும். அதைப் பார்த்துக் கரடி என்று சொல்லிவிடுவார்கள். கரடிக்கு ஐந்து விரல், விரலை விட்டுத் தள்ளி நீள நகக்குறி. படம் எடுக்கும்போது நேர்மேலிருந்து, பக்கத்தில் அடிமட்டம் வைத்து எடுங்கள். ஒரு அடியை மட்டும் எடுத்துவந்தால் பயன் குறைவு, வரிசையாக நாலைந்தாவது வேண்டும்.

பாதைச் சந்திகளில் சிறுத்தையின் பிறாண்டலும் இருக்கும். பின்னங்கால்களால் மண்ணைப் பின்னுக்கு இழுத்து, பக்கம் பக்கமாக இரண்டு சால் விட்டு, முடிவில் சிறு மண்குவியலை விட்டுப் போயிருக்கும். சிலவேளை அதன் மேல் மூத்திர வாடை, சிலவேளை எச்சம். எச்சம் துண்டு துண்டாகப் பிரிந்து, ஒரு முனை கூராக, மான்மயிரும் எலும்புச் சில்லும் கலந்து கிடக்கும். பாலைப்பழ விதை நிறைந்திருந்தால் மரநாய், நரி, கரடி பக்கம் யோசியுங்கள். எச்சத்தைக் கையால் தொடவேண்டாம். புழு முட்டைகள் இருக்கக்கூடும். தடி போதும். பாலை மரத்தில் தெரியும் நகக்கீறலையும் அவசரப்பட்டுச் சிறுத்தையின் கணக்கில் எழுதாதீர்கள். பழக்காலத்தில் கரடி ஏறாத பாலை குறைவு.

காதுக்கும் வேலை உண்டு. புள்ளிமானின் கீச்சென்ற எச்சரிக்கைக் குரல் நாயைக் கண்டாலும் எழும். மரத்து உச்சியில் இருக்கும் மந்தி ஒரே திசையைப் பார்த்து விடாமல் குரைத்தால், அந்தத் திசையில் மரையும் கத்தினால், சிறுத்தை நடமாடுகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். சிறுத்தையின் சொந்தக் குரல் வாள் இழுத்து மரம் அறுப்பதுபோல, விட்டு விட்டு வரும்.

செத்த மானோ கன்றோ கிடந்தால் நிதானம் மிக வேண்டும். இலங்கையில் செந்நாயும் இல்லை, கழுதைப்புலியும் இல்லை. ஆகவே சந்தேகப்பட வேண்டியவை சிறுத்தை, கட்டாக்காலி நாய், குளத்தோரமென்றால் முதலை. சிறுத்தை தொண்டையைக் கவ்விக் கொல்லும். பல்துளைகள் சிலவே இருக்கும். நாய்கள் பின்தொடை, வயிறு, காது என்று கண்ட இடமெல்லாம் கிழித்திருக்கும். சந்தேகமென்றால் கழுத்துத் தோலை உரித்துப் பாருங்கள். உயிரோடு கடிபட்டிருந்தால் தோலுக்கு அடியில் இரத்தம் கண்டிப் போயிருக்கும். செத்த பிறகு கடித்ததென்றால் அப்படி இராது. சிறுத்தை இரையைப் பற்றைக்குள் இழுத்திருந்தால் தரையில் இழுவைத் தடம் தெரியும். அதற்குப் போட்டியான பெரிய மிருகம் இங்கே இல்லாததால் இரையை மரத்தில் ஏற்றுவது குறைவு. மேலே பார்ப்பதை விடப் பற்றை ஓரம் தேடுவது நல்லது.

கன்றை நாய் கொன்றிருக்கப் பழி சிறுத்தையில் விழுந்தால் அடுத்து வருவது நஞ்சும் கம்பிச் சுருக்கும். 2018இல் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்து ஆட்களைக் காயப்படுத்திய சிறுத்தை ஒன்று அடித்தே கொல்லப்பட்டது. அந்த அளவு பயம் இருக்கும் ஊர்களில் சரியாக எடுத்த ஒரு அடிப் படம் பெரிய உதவி.

இரை புதிதாக இருந்தால் அங்கே நிற்கவேண்டாம். சிறுத்தை திரும்பி வரும். பொழுதுபடமுன் அலைகரையை யானைக்கு விட்டு வெளியேறுங்கள். கண்ணிவெடியை எச்சரிக்கும் சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிற்கும் காட்டுக்குள், எவ்வளவு தெளிவான தடம் போனாலும், ஒரு அடி வைக்கக்கூடாது. மான் வழியில் கம்பிச் சுருக்கு கண்டால் இடத்தைப் படமெடுத்து வனசீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவியுங்கள். சிறுத்தை அதில் உயிரோடு மாட்டியிருந்தால் கிட்டப் போகாமல் ஆட்களை விலக்கி வையுங்கள். சத்தமும் கூட்டமும் கூடினால் அது துள்ளத் துள்ளக் கம்பி இடுப்பில் இன்னும் இறுகும்.